கடைசி வண்டி வந்தாச்சா?

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி போர்டு நட்டிருக்கிறார்கள். 1/70, 2/70 என்று. பத்து வரைக்கும் உற்சாகமாக எண்ணிக்கொண்டு போவோம். இருபதில் லேசாகத் தலை சுற்றும். அதற்கப்புறம் எண்ணுகிற வேலையைப் போர்டிடமே விட்டுவிடுவோம். எனக்கு அதில் 31 மட்டும் மனப்பாடம்.

2022 டிசம்பரில் எட்டு பைக்கில் போனோம். எட்டு பேருமே திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் வாசலில் விரல் ரேகை வைத்தே தீரவேண்டிய ரகம். சனிக்கிழமை விடியற்காலை பெருங்களத்தூரில் கூடி, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், ராசிபுரம் என்று போய், ராத்திரி அடிவாரத்துப் பக்கம் தங்கி, ஞாயிறு காலை மலை ஏறுவதாகத் திட்டம். முதல் வண்டி 'வாத்தியார்'. நிஜ வாத்தியார் இல்லை. எல்லாவற்றுக்கும் ரூல்ஸ் சொல்வார், அதனால். நடுவில் 'மாப்ளே'. மார்க்கெட்டில் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் முதலில் வாங்கி, முதலில் ஏமாறுவது அவன்தான். கடைசி வண்டி எப்போதும் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயசு, பழைய நூறு சி.சி. வண்டி. "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வாரேன்" என்பதுதான் அவருடைய தாரக மந்திரம்.

அவருக்கு முன்னால் ஏழாவது வண்டி நான்.

எங்களிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. உனக்குப் பின்னால் வருகிறவர் உன் கண்ணாடியில் தெரியவேண்டும், தெரியாவிட்டால் நிறுத்து. நல்ல சட்டம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் யாருமே கண்ணாடியில் தெரிவதில்லை. 'பின்னாடி வளைவுல இருப்பார்' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறினேன். 40-வது வளைவு பக்கம் போட்டோ எடுக்க எல்லாரும் நிறுத்தினோம். கீழேயிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக, விட்டு விட்டு.

மலைப்பாதையில் ஹாரன் ஒரு விஷயமா? வளைவுக்கு வளைவு எல்லாரும் அடிப்பதுதானே! "அண்ணாச்சி கச்சேரி பண்ணிக்கிட்டே வர்றாருடா" என்றான் மாப்ளே. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பதினைந்து நிமிஷமாகியும் அவர் வரவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.

31-ல் இருந்தார். வலது பக்கம் திரும்பும்போது மணலில் சறுக்கி, வண்டி அப்படியே அவர் கால் மேல் சாய்ந்துவிட்டது. சைலன்ஸர் பக்கம். காலை உருவ முடியவில்லை. எட்டினது ஹாரன் பட்டன் மட்டும்தான். மேலிருந்து இறங்கிய ஒரு வேன் டிரைவரும் கிளீனரும் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அண்ணாச்சி சுவர் மேல் உட்கார்ந்து கெண்டைக்காலில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது.

"ஹாரன் அடிச்சேன் தம்பி. கேட்டுச்சா?" என்றார்.

"கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

சென்னை திரும்பியதும் அவசரக் கூட்டம் போட்டோம். இடம்: வழக்கமான டீக்கடை. பொருள்: வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள என்ன வாங்குவது? செயலாளர், பொருளாளர், எதிர்க்கட்சி எல்லாம் மாப்ளேதான்.

செல்போனில் கான்ஃபரன்ஸ் கால் போட்டால் போதும், செலவே இல்லை என்று ஒரு தரப்பு. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களை நம் ஊரில் தினமும் பார்க்கலாம். தமிழன் கண்டுபிடித்த முதல் புளூடூத் அதுதான்! ஆனால் எங்கே விழுந்தோமோ அங்கேதான் சிக்னல் இல்லை. டவர் தயவில்லாமல் பேசுகிற கருவி வேண்டும் என்பதுதானே பிரச்சினையே? முதல் யோசனை முதல் டீயோடு காலி.

அடுத்து, ஹெல்மெட்டில் மாட்டும் புளூடூத் இன்டர்காம். மாப்ளே ஏற்கெனவே ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தான். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹெரால்டு புளூடூத் என்ற ராஜாவின் பெயர்தான் அதற்கு. சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்த்தவர் என்பதால் அந்தப் பெயராம். ராஜா எங்களைச் சேர்க்கப் படாத பாடு பட்டார். மலிவான செட்டுகள் கல்யாணம் மாதிரி. ரெண்டு பேருக்குத்தான். அடுத்த ரகத்தில் மூன்று நாலு பேர் வரை சங்கிலியாகக் கோக்கலாம். ஒன்று இரண்டோடு பேசும், இரண்டு மூன்றோடு பேசும். ரயில் பெட்டி மாதிரி. நடு ஆள் பெட்ரோல் போட ஒதுங்கினால் பின்பெட்டிகள் கழன்று நடுக்காட்டில் நின்றுவிடும்.

இதற்கு மருந்துதான் மெஷ் என்கிற வலைப்பின்னல். ஒவ்வொரு ஹெல்மெட்டும் அக்கம்பக்கத்தில் எது அகப்படுகிறதோ அதன் வழியாகப் பேச்சைக் கடத்தும். ஒருவர் போனாலும் வலை தன்னைத்தானே தைத்துக்கொள்ளும். பதினைந்து பேர், அதற்கு மேலும் சேரலாம். போனில் பேசுவதுபோல ஒரே சமயத்தில் நாலு பேர் பேசலாம். அருமையான சாமான், சந்தேகமே இல்லை. ஆனால் பேர் பெற்ற கம்பெனி செட் ஒரு ஹெல்மெட்டுக்கு இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. எட்டால் பெருக்குங்கள். அண்ணாச்சியின் வண்டியை விற்றால்கூட அவருடைய ஹெல்மெட்டுக்கு இன்டர்காம் வராது. போதாக்குறைக்கு, ஒரு கம்பெனி மெஷ் இன்னொரு கம்பெனி மெஷ்ஷோடு சாதாரணமாகப் பேசாது. சம்பந்தி சண்டை! எட்டு பேரும் ஒரே கம்பெனியில் வாங்கவேண்டும். எங்கள் எட்டு பேரும் ஒரே டீயைக்கூட ஆர்டர் பண்ணினதில்லை.

"அப்ப வாக்கி-டாக்கிதான்" என்று மாப்ளே பையிலிருந்து ஒரு கறுப்பு சமாசாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். அஞ்சு வாட், நீளமான ஏரியல். "அஞ்சு கிலோமீட்டர் அடிக்கும் மச்சான். கடைக்காரர் சொன்னார், லைசென்ஸ் எல்லாம் வேண்டாமாம்."

வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸாகப் படியுங்கள். நீங்களும் வாங்கப் போகலாம். இந்தியாவில் கண்ட அலைவரிசையில் பேசுகிற வாக்கி-டாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. விற்றவன் சொன்னான் என்றெல்லாம் தப்பிக்க முடியாது. பொதுமக்களுக்கு லைசென்ஸ் இல்லாமல் விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒரு சின்னச் சந்து. 2018 விதிகளில் வந்தது. அதில் பேசுகிற, குறைந்த சக்தி உள்ள, மத்திய அரசின் டைப் அப்ரூவல் வாங்கிய செட் என்றால் தாராளமாக வாங்கலாம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதே இதற்காகத்தான். எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமலே விற்றுத் தள்ளியிருக்கிறார்கள். பெட்டியில் அலைவரிசை எழுதவில்லையா? கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெரிய செட்டில்தான் பேசுவேன் என்று அடம்பிடித்தால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் லைசென்ஸ் வாங்கலாம். 2004 சுனாமியின்போது, ஹாம் பயணமாக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவும்தான் அங்கிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மரியாதையான பொழுதுபோக்கு. மாப்ளே உடனே புத்தகம் வாங்கினான். ஓம் விதி வரைக்கும் வந்தான். பிறகு ஓம் சாந்தி.

ஆகவே 446. ஜோடி ஆறேழாயிரம். நாலு ஜோடி வாங்கினோம். அரை வாட். பெட்டியில் எட்டு கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எட்டு கிலோமீட்டர் உண்மைதான். நீங்கள் ஒரு மலை உச்சியிலும் உங்கள் சிநேகிதர் எதிர்மலை உச்சியிலும் நின்று பேசினால்! நெடுஞ்சாலையில் எங்களுக்கு ஒன்றரை கிலோமீட்டர் கிடைத்தது. ஊருக்குள் அதில் பாதி. நடுவில் ஒரு மலை மடிப்பு வந்தால் முந்நூறு மீட்டரிலும் சத்தம் செத்துவிடும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போனதாகப் புறநானூறு சொல்கிறது. ரேடியோ அலை ஓரியின் அம்பு இல்லை. நம் உடம்பே அதற்கு ஒரு தடுப்பு. செட்டை பேண்ட் பாக்கெட்டில் போட்டால் பாதித் தூரம் போச்சு. பையின் தோள் வாரில் உயரமாக மாட்டினால் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

முதல் வெள்ளோட்டம் 2023 ஜூலையில், ஏலகிரிக்கு. வாயைத் திறந்தால் தானாகவே ஆன் ஆகிற 'வாக்ஸ்' என்று ஒரு வசதி செட்டில் இருந்தது. பட்டன் அழுத்த வேண்டாம் என்று எல்லாரும் அதையே போட்டோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் புத்தி வந்தது. எண்பதில் போகும்போது காற்று பேச ஆரம்பித்துவிடுகிறது. வாக்ஸுக்குக் காற்றும் ஒன்று, கவுண்டமணியும் ஒன்று. காற்று இல்லாதபோது ஒருவர் பாட்டு முணுமுணுப்பார், ஒருவர் லாரிக்காரரின் குடும்பத்தை விசாரிப்பார். அதைவிட மோசம், முதல் எழுத்தை விழுங்கிவிடும். குரல் வந்த பிறகுதானே அது கண்ணை முழிக்கும்? "பள்ளம் இருக்கு" என்றால் "...ம் இருக்கு" என்று கேட்கும். என்ன இருக்கு? பள்ளத்தில் இறங்கின பிறகு தெரியும். "நாய்!" என்ற எச்சரிக்கை முழுசாகவே காணாமல் போனது. நாய் பிழைத்தது, மாப்ளேயின் இண்டிகேட்டர் பிழைக்கவில்லை.

ராணிப்பேட்டை பக்கம் டீக்கடையில் நிறுத்தி எல்லாரும் பட்டனுக்கு மாறினோம். இடது கைப்பிடியில் வெல்க்ரோ போட்டுக் கட்டுகிற பட்டன் தனியாகக் கிடைக்கிறது. மைக்கைத் தாடைப் பக்கம், பஞ்சு வைத்து. இயர்போன் ஒரே காதில், அதுவும் மெதுவாக. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பின்னால் வருகிற பஸ்ஸைக் கேட்க முடியாது. இன்னொரு பழக்கமும் வந்தது. முதலில் ஆள் பெயர், அப்புறம் விஷயம். பட்டனைச் சரியாக அழுத்துவதற்குள் பேச ஆரம்பித்தால்கூடப் பெயர்தான் போகும், விஷயம் தங்கும்.

வேலூரைத் தாண்டும்போது திடீரென்று ஒரு புதுக்குரல்: "மூணாவது பந்திக்கு ரசம் இல்ல, ரசம் இல்ல!" பக்கத்தில் ஏதோ கல்யாண மண்டபம். அவர்களும் அதே சேனல். செட்டில் 'பிரைவசி கோட்' என்று ஒன்று உண்டு. போட்டால் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். நாம் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வாத்தியார் சேனலை மாற்றச் சொன்னார். அண்ணாச்சி மட்டும் "பாவம், ரசம் இல்லாம எப்படிச் சாப்பிடுவாவ?" என்றார். அன்றைக்கு அவர் ரேடியோவில் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு விளையாட்டுப் பொருள் கிடைத்த குதூகலம் வந்துவிட்டது. பள்ளிகொண்டா தாண்டியதும் பிரியாணிப் பேச்சு. ஆம்பூரா, வாணியம்பாடியா? வாத்தியார் ஆம்பூர். மாப்ளே வாணியம்பாடி. நான் நடுவர் என்ற பெயரில் இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றினேன். இருபது கிலோமீட்டருக்கு ஓடியது. ஆம்பூரில் வண்டியை நிறுத்தி, பிரியாணிக்குச் சொல்லி, தலையை எண்ணினால்... ஏழு.

மறுபடியும் ஏழு.

ஐம்பது நிமிஷம் கழித்து அண்ணாச்சி வந்தார். பள்ளிகொண்டா தாண்டினவுடனேயே பின் டயர் பஞ்சராம். ஆணி. வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்க் கடை கண்டுபிடித்து, ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தள்ளின கால் எது என்று நான் கேட்கவில்லை.

"ரேடியோல சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?"

"அழுத்திப் பார்த்தேன் தம்பி. நீங்க பிரியாணி பத்திப் பேசிக்கிட்டு இருந்திய. நடுவுல எதுக்குப் பூரணும்னு கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் அழுத்துனா யாரையும் காணோம்."

இந்த மாதிரி செட்டில் ஒருவர் பட்டனை அழுத்தியிருக்கும்போது மற்றவர் பேசினால் எடுபடாது. இருவர் சேர்ந்து அழுத்தினால் பக்கத்தில் இருக்கிறவர் குரல் ஜெயிக்கும், தூரத்துக் குரல் அமுங்கிவிடும். கடைசி வண்டிதான் எப்போதும் தூரம். காசு கொடுத்து அண்ணாச்சியின் வாயை நாங்களே அடைத்திருக்கிறோம். முதல் தடவையாவது அவருக்கு ஒரு ஹாரன் இருந்தது!

அன்றைக்கு பிரியாணி எனக்கு இறங்கவில்லை. ஆம்பூரோ வாணியம்பாடியோ, ருசி ஞாபகமே இல்லை.

ஏலகிரியிலிருந்து திரும்பும்போதே ஏற்பாட்டை மாற்றினோம். எட்டு செட் வேண்டாம், இரண்டு போதும். முதல் வண்டிக்கு ஒன்று, கடைசி வண்டிக்கு ஒன்று. நடுவில் ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு பழைய கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்கவேண்டியது. ரோடு பிரிகிற இடத்தில் இரண்டாவது வண்டி நின்று, கடைசி வண்டி வரும்வரை கைகாட்டி மரமாக இருக்கவேண்டும். பேசுவதற்கு மூன்றே விஷயம்: எங்கே இருக்கிறேன், நிற்கிறேன், வருகிறேன். முக்கியமான சட்டம் வாத்தியார் போட்டது. கடைசி வண்டியை இரண்டு தடவை கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால் முதல் வண்டி அப்படியே ஓரம் கட்டவேண்டும். சிக்னல் இல்லையோ, பேட்டரி இல்லையோ, ஆள் இல்லையோ... காரணத்தை நின்றுகொண்டு யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு மாற்றம், அண்ணாச்சிதான் இனி முதல் வண்டி. அவர் போகிற வேகம்தான் எல்லாருக்கும். மாப்ளேதான் முனகினான். கடைசி வண்டிக்கு யார் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிச்சம் ஆறு செட்டில் ஒரு ஜோடி என் வீட்டில்தான் இருக்கிறது. சமையலறையிலிருந்து மொட்டை மாடிக்கு "தோசை ஆறுது, ஓவர்" என்று உத்தரவு வரும். லைசென்ஸ் வேண்டாத அதிகாரம்.

2025 ஜனவரியில் மறுபடியும் கொல்லிமலை. இந்தத் தடவை அந்த நம்பர் போர்டுகள் இருக்கிறதே, அதையே உபயோகப்படுத்திக்கொண்டோம். ஐந்து வளைவுக்கு ஒரு தரம் நான் நம்பர் சொல்லவேண்டும், முன்னாலிருந்து அண்ணாச்சி அதையே திருப்பிச் சொல்லவேண்டும். "கடைசி வண்டி, பத்து." "பத்து, சரி தம்பி." அடுக்கடுக்காக ஒரே சரிவில் ஏறுகிற வளைவுகளில் பளிச்சென்று கேட்கிறது. ரோடு மலையின் மறுபக்கம் திரும்பினால் கரகரவென்று மணல் சத்தம்தான். அப்படி இரண்டு இடத்தில் எல்லாருமே நின்று காத்திருந்தார்கள். காத்திருப்பது எரிச்சலாக இருந்ததா என்று மாப்ளேயைத்தான் கேட்கவேண்டும். கடைசியில் வருகிறவனுக்கு, வளைவைத் திரும்பினதும் ஏழு வண்டி வரிசையாக நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் போனால்தான் ஒன்று தெரிகிறது. முன்னால் போகிறவர்களின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் நம்முடைய இன்ஜின் மட்டும்தான் கேட்கும். அப்புறம் காப்பிச் செடி, மிளகுக் கொடி, குரங்கு. பத்து வருஷமாக அண்ணாச்சி இப்படித்தான் வந்திருக்கிறார்.

31-ல் ஓரமாக நிறுத்தினேன். திருப்பத்தின் உள்பக்கம் இன்றைக்கும் மணல். அந்தச் சுவர். ஐந்துக்கு ஒரு தரம் என்ற கணக்கில் இங்கே நம்பர் சொல்லவேண்டியதில்லை. பட்டனை அழுத்தினேன்.

"அண்ணாச்சி... கடைசி வண்டி. முப்பத்தொண்ணு."

கரகரப்பு. பதில் இல்லை. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி கூப்பிட்டேன்.

"முப்பத்தொண்ணு, சரி தம்பி. நாப்பதுல நிக்கோம். இங்க ஒரு அம்மா பிளாஸ்க்குல டீ கொண்டாந்திருக்கு."

அழுத்தின பட்டனை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அழுத்தியிருக்கும்வரை அவர் குறுக்கே பேச முடியாது.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஹாரன் கேட்டுச்சு. கேக்கலைன்னு பொய் சொன்னேன்."

விட்டேன். மணல் சத்தம். ஒரு பஸ் மேலிருந்து வளைந்து இறங்கி, ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது.

"தெரியும் தம்பி" என்றது ரேடியோ. "நீங்க மேல சிரிச்சது எனக்குக் கீழ கேட்டுச்சுல்லா. ...டீக்குச் சீனி போடச் சொல்லவா, வேண்டாமா?"

போடச் சொன்னேன்.